சுவரை விட்டு வந்த நடுகல்

திருவண்ணாமலை
3 ஜூலை 2025

சதஃபுக்கு,

முதலில் ஒன்று. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் இரண்டுக்கும் வழியில்லை. அதனால்தான் வாட்ச்மேன் மணிவேலைத் தபால் நிலையத்துக்கு அனுப்பி உறை வாங்கி வரச் சொன்னேன். "இன்னுமா மேடம் இதெல்லாம் விக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

முட்டி எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்தார்களா? வேலூர் வெயிலில் காலை நீட்டிப் படுத்திருப்பது லேசான காரியமில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டு நட.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் அருங்காட்சியகத்தில் உன் சிறுபிள்ளைகள் நிகழ்ச்சி முதல்முறையாக நடந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து வெள்ளையம்மாள் டீச்சர் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார். எல்லாம் மூன்று, நான்கு வயது. நீ எழுதி வைத்துவிட்டுப் போனதை எழுத்துக்கு எழுத்து செய்தேன். நடுகல்லுக்கு முன்னால் பாய். பாய்க்கு முன்னால் மஞ்சள் டேப்பில் ஒரு கோடு. பிள்ளைகள் கோட்டைத் தாண்டாமல் உட்கார்ந்து, கல்லில் வில்லோடு நிற்கும் வீரனையும் அவன் காலடியில் இருக்கும் நாயையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நீ வரைந்து காட்டிய படத்தில் எவ்வளவு அழகாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்!

ஒருத்தரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்ததும் முதலில் நின்ற பெண், அபிநயா என்று பெயராம், "ஐ, வேடியப்பன் சாமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றக் கிளம்பினாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். நம் நடுகல்தான் சுவரோடு சுவராக இருக்கிறதே, எங்கே சுற்றுவது? அதற்கெல்லாம் அவர்கள் அசரவில்லை. பக்கக் கதவு வழியாக என் அறைக்குள் வந்தார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் நுழைந்து, கொல்லைக் கதவைத் திறந்து, சரக்கறையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, காம்பவுண்டு ஓரமாகவே நடந்து மறுபடி முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். கல்லைச் சுற்ற முடியாததால் கட்டடத்தையே சுற்றிவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் என் டீ கவிழ்ந்தது. மூன்றாம் சுற்றுக்கு மணிவேல் கதவைச் சாத்தினான். "மூணு சுத்து சுத்தணும், தொறங்க!" என்று ஒரே அழுகை. நாயை யாரும் தேடவில்லை.

அறக்கட்டளைத் தலைவர் முருகையன் சார் மதியமே கூப்பிட்டார். அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் குழு கூடும்போது நிகழ்ச்சியை நேரில் பார்ப்பார்களாம். சரிப்படவில்லை என்றால், நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கியிருக்கும் பிள்ளைகள் அறையை எடுத்து, ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் படமும் ஊதுபத்தியும் விற்கிற இடமாக ஆக்கிவிடுவார்களாம். அறை போனால் உன் வேலையும் போகும். மறைத்து வைத்துப் பிரயோஜனமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ கழற்றிய 'தொடாதீர்கள்' பலகைகளை எல்லாம் திரும்ப மாட்டிவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அருணாதேவி
காப்பாட்சியர்


வேலூர்
8 ஜூலை 2025

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு எழுதும் கடிதத்திலும் 'காப்பாட்சியர்' என்று பதவி போட்டுக் கையெழுத்திடும் ஒரே ஆள் நீங்கள்தான். கட்டைப் பிரித்துவிட்டார்கள். முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே காலை ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் பேச்சை மீறவும் முடியாது, அம்மி அருகிலேயே உட்கார்ந்து காவல் காக்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு உங்கள் டீ கவிழ்ந்த இடத்தை இன்னொரு தரம் படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தப்பு என் படத்தில்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பலகைக்கு முன்னால் உட்காருவது போல வரைந்துவிட்டேன். அவர்கள் ஊரில் இதே மாதிரி கல் வேடியப்பனாக வெட்டவெளியில் நிற்கிறது. அதன் முன்னால் யாரும் சம்மணம் போட்டு நாயைத் தேடுவதில்லை, சுற்றி வருகிறார்கள். அதுவும் மலையையே சுற்றுகிற ஊருக்கு வந்திருக்கிறார்கள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று நேற்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மேடம், அந்தக் கல்லைச் சுவரில் சாத்தி இரும்புப் பட்டை அடித்து வைத்தது நான் இல்லை. அதை ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு வெளியே இழுக்க முடியுமா? மாத முடிவுக்குள் முடியுமா? கேட்கவே பயமாக இருக்கிறது. கடைசி நாள் நான் பலகைகளைக் கழற்றியபோது எல்லார் முன்னாலும் சொன்னீர்களே, "நீ ஒரு வருஷம் இருந்துட்டுப் போயிடுவ. நான் இங்கயேதான் கெடக்கணும்" என்று. அது இன்னும் உறுத்துகிறது. நானும் சும்மா இருக்கவில்லை. கல்லுக்குக் காவல் இருக்கிறவங்களுக்கு மனுஷங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் வாசலுக்கு மேலிருந்த பலகைக்காக ஸ்டூலில் ஏறி விழுந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் என் காலை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையை அடியில் கொடுத்தீர்கள். அன்றைக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ரொம்ப நன்றி மேடம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு தடவை முட்டி போட்டு அந்த ஹாலுக்குள் வந்து பாருங்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
சதஃப்


திருவண்ணாமலை
14 ஜூலை 2025

சதஃபுக்கு,

பௌர்ணமிக் கூட்டத்தில் ஊரே ஸ்தம்பித்துப் போய், உன் கடிதம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

கல்லை இழுக்க முடியாது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன், ஆனால் நீ என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடுவாய். அதனால் காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் முற்றத்தில் இன்னொரு நடுகல் நின்றது. செங்கம் பக்கத்திலிருந்து வந்தது, மேலே இரண்டு வரி எழுத்தோடு. முற்றம்தானே என்று திறந்து விட்டிருந்தோம். ஓர் ஆடி மாதம் யாரோ வந்து சுற்றினார்கள். சுற்றியவர்கள் பூ வைத்தார்கள். பூ வைத்தவர்கள் குங்குமம் வைத்தார்கள். அப்புறம் எண்ணெய், கற்பூரம். பக்தியோடுதான் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் விடுப்பு முடிந்து வந்து பார்த்தபோது அந்த எழுத்து கருத்துப் போயிருந்தது. பஞ்சை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒற்றி எடுத்தேன். ஒரு வரி வந்தது. இன்னொரு வரி வரவே இல்லை. அந்த வீரனின் பெயர் அந்த வரியில்தான் இருந்தது.

அன்றைக்கே இந்தக் கல்லைச் சுவரோடு சேர்த்தேன். சுற்ற விட்டால் எண்ணெய் வரும் என்று எனக்குப் பயம். இன்னும் மூன்று நாளில் ஆடி பிறக்கப்போகிறது. நீயோ வெளியே இழு என்கிறாய்.

நீ கேட்ட இன்னொரு காரியத்தைச் செய்தேன். மதியம் பார்வையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டி போட்டேன். மணிவேல் வந்து, "கம்மல் விழுந்துடுச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவனும் தரையில் இறங்கித் தேட ஆரம்பித்தான். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருமாக ஹால் முழுக்கத் தவழ்ந்தோம்.

அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஒன்றும் தெரியவில்லை, அவற்றைத் தாங்கும் மரக்கால்கள்தான் தெரிகின்றன. விளக்கச் சீட்டுகள் எல்லாம் மேலே எங்கேயோ இருக்கின்றன. அந்த உயரத்தில் வாசிக்கக் கிடைப்பது என் 'தொடாதீர்கள்' மட்டும்தான். அதையும் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. வீரனின் முகம் தெரியவில்லை. நாய் மட்டும் நேருக்கு நேர் நிற்கிறது. இத்தனை வருஷமாக அதை மேலிருந்தே பார்த்திருக்கிறேன். அதற்கு வாய் திறந்திருக்கிறது சதஃப், குரைக்கிறது. நான் எழுதிய விளக்கச் சீட்டில் 'அருகில் நாய்' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

சரி. எண்ணெய்க்கு என்ன வழி என்று சொல். அதற்குப் பிறகு பேசலாம்.

அருணாதேவி


வேலூர்
19 ஜூலை 2025

அன்புள்ள மேடம்,

பதவி போடாமல் வந்த முதல் கடிதம்! பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்தப் பெயர் போன வரியைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல.

எண்ணெய்க்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாய் குரைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் குரைக்கிறது? மாடு திருட ஆள் வருகிறான். வீரன் மாட்டுக்குக் காவல் நின்று செத்தவன். நாய் அவனுக்குத் துணை. பிள்ளைகளிடம் இவ்வளவு மட்டும் சொல்லுவோம். இவ்வளவு நாள் இவர் மாட்டைக் காவல் காத்தார், இன்றைக்கு நாம் இவருக்குக் காவல் என்று சொல்லுவோம். காவல்காரர் என்ன செய்வார்? சுற்றி வருவார். அவர்களுக்குச் சுற்ற வேண்டும், சுற்றட்டும். காவல்காரர் தான் காக்கிற பொருளைத் தானும் தொட மாட்டார், அடுத்தவரையும் தொட விட மாட்டார். உட்கார வைக்க வேண்டாம், கோடு வேண்டாம். முதல் சுற்றில் நாயைப் போல நடக்கலாம், அடுத்த சுற்றில் மாட்டைப் போல, மூன்றாவதில் சத்தமே இல்லாமல். மூன்று சுற்று அவர்களே கேட்டதுதானே.

கும்பிடுகிற பிள்ளை கும்பிடட்டும். அதை நாம் தடுக்கவும் வேண்டாம், சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். பூ கொண்டுவந்தால் வாசலில் ஒரு தட்டு வைத்து அதில் போடச் சொல்லலாம்.

தொட்டுப் பார்க்கும் ஆசைக்கு, கல் பட்டறையிலிருந்து செதுக்காத கருங்கல் ஒன்று வாங்கி முற்றத்தில் போடுங்கள். தண்ணீர் ஊற்றட்டும், மஞ்சள் பூசட்டும், ஏறி உட்காரட்டும். அதில் அழிவதற்கு ஒன்றுமில்லை.

இதை உங்களால் செய்ய முடியாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். உண்மையில் வருத்தப்படுவேன், ஆனால் உங்களை நொந்துகொள்ள மாட்டேன். சென்னையில் ஒரு பெரிய அருங்காட்சியகத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் பாசில், "அங்க போனா மரியாதை ஜாஸ்தி, அலைச்சல் கம்மி. இன்னும் என்ன யோசனை?" என்று தினமும் கேட்கிறான். எனக்கு அங்கே போக மனசில்லை. நான் முதல்முதலாகத் தனியாக யோசித்துச் செய்தது இந்த நிகழ்ச்சிதான். ஆனால் அறையே இல்லாமல் போனால் போகத்தான் வேண்டும்.

உங்கள்
சதஃப்


திருவண்ணாமலை
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சதஃப்,

உட்கார்ந்து நிதானமாகப் படி. நீளமாக எழுதப் போகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே கல் பட்டறை ஆட்களை வரவழைத்தேன். நீ கேட்ட செதுக்காத கருங்கல்லையும் ஏற்றி வந்து முற்றத்தில் போட்டார்கள். குழுவிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் போட்டுப் பேசுவார்கள், கார்த்திகை தீபமே வந்துவிடும். நடுகல்லுக்குச் சங்கிலி கட்டி, அடியில் கட்டை கொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். "ஆச்சு மேடம்" என்றபோதுதான் மூச்சு வந்தது.

சுவரோடு இருந்த முதுகில் என்ன இருந்தது என்று கேட்பாய். ஒன்றுமில்லை, உளி பட்ட கரடுமுரடுதான். ஆனால் பிள்ளைகள் அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். "இவருக்கு முதுகுல யாரும் சட்டை போட்டு விடலயா?" என்று கேட்டான் ஒரு பையன்.

முந்தாநாள் குழு வந்தது. வெள்ளையம்மாள் டீச்சர் அதே பிள்ளைகளைக் கூட்டி வந்தார். நீ எழுதியபடியே கதையைச் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது, நடுவில் இரண்டு இடத்தில் ஆண்டு, அளவு எல்லாம் வந்துவிட்டது. பரவாயில்லை, நாய் குரைக்கிறது என்று சொன்னதும் மொத்தப் பேரும் குரைத்தார்கள். முருகையன் சார் ஒரு அடி பின்வாங்கினார்.

சுற்றினார்கள். நாயாக ஒரு சுற்று, மாடாக ஒரு சுற்று. சத்தமில்லாத சுற்றில் ஹால் முழுக்க வெறுங்காலின் ஓசை மட்டும் கேட்டது. நான் இத்தனை வருஷத்தில் அந்த ஹாலில் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. அந்த நேரத்தில், வழக்கமாகச் செய்வதுபோல, கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கே தெரியாமல் வைத்திருக்கிறேன். அபிநயா சுற்றை நிறுத்தினாள். என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடக் கூடாது! நாங்க காவல் இருக்கோம்ல?"

மொத்தக் குழுவும் என்னைப் பார்த்தது. நான் கையை எடுத்துவிட்டு, "தெரியாம வச்சுட்டேன், மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் போனால் போகிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தாள். அவர்கள் வேன் ஏறியதும் பலகைகளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். இனி அவை யாருக்கு?

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. முருகையன் சாருக்கு ரொம்ப சந்தோஷம். "ரூம் பசங்களுக்கே இருக்கட்டும். மேடமே இவ்ளோ நல்லா நடத்துறாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு? சென்னைலயும் கூப்டுறாங்களாமே, போகட்டுமே" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சென்னை விஷயத்தை அவருக்கு யார் சொன்னது என்று கேட்காதே. மணிவேலிடம் நான் புலம்பியிருக்கிறேன்.

நான் நன்றாக நடத்த நடத்த உன் வேலைக்கே உலை வைத்திருக்கிறேன்! எழுந்து நின்றேன். "சார், இதுல என்னோட வேலை கல்லை நகத்துனது மட்டும்தான். அதுவும் அந்தப் பொண்ணு சொல்லித்தான் நகத்துனேன். கதை அவளுது, மூணு சுத்து அவளுது, முற்றத்துல கெடக்குற கல்லு அவளுது. படுத்துக்கிட்டே இவ்ளோ செஞ்சவ, இங்க இருந்தா என்ன செய்வான்னு யோசிங்க. நாளைக்கு நூறு அங்கன்வாடி வரும். எனக்குப் புதுசா ஒன்னு யோசிக்கத் தெரியாது. சதஃப் இல்லன்னா இந்த நிகழ்ச்சி இந்த ஒரு கல்லோட நின்னுடும்" என்றேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. வெளியே ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு முருகையன் சார், அவளுக்கு உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். என் அறையில் பாதி என்றேன். உன் வேலை நிரந்தரம் என்று முடிவாகிவிட்டது, உத்தரவு தனியாகத் தபாலில் வரும்.

சென்னைக்குப் போவதா இங்கே வருவதா என்பது உன் இஷ்டம். பெரிய இடம், உனக்கு நல்லதுதான். நான் தடுக்கக் கூடாது. ஆனால் என்னைக் கேட்டால், வா. உன்னால் இந்த ஹாலில் எனக்கு மறுபடியும் வேலை பார்க்க ஆசை வந்திருக்கிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நன்றி, சதஃப்.

அருணாதேவி


வேலூர்
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மேடம்,

சென்னைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். பௌர்ணமிக் கூட்டம் கலைந்ததும் திங்கட்கிழமை வருகிறேன். பாசில்தான் கொண்டுவந்து விடுகிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இதற்கு முன் மூன்று இடங்களில் வேலை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்காக நான் யோசித்த விளையாட்டுகள் இன்னமும் அங்கே நடக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை. நான் அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் அது வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். எனக்கும் அது பழகிவிட்டது. நான் இல்லாத ஓர் அறையில் எழுந்து நின்று, இது சதஃப் செய்தது என்று யாராவது சொல்லுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. நீங்கள் சொன்னீர்கள். அதுவும் ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்கும்படி.

அம்மிக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது. உங்கள் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். நீங்கள் எழுந்து நின்று பேசிய இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அதையும் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க நமக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

சொந்தம்தான் அம்மி என்று சொல்லிவிட்டேன். தப்பா மேடம்?

சதஃப்